யானைக்குப் போட்ட வேலி

“பெத்தவ எங்க போயிருந்தா?”

பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் சரி, நாய் கடித்தாலும் சரி, ஊர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். என் மகள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் யானை அடைப்புக்குள் போய் நின்ற அன்றும் இதையேதான் கேட்டார்கள். பெத்தவள் எங்கே போவாள்? துரையின் ரப்பர் மரத்தடியில், துரை கொடுத்த உளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பதிலை எல்லார் முன்னாலும் சொல்லி மறுநாளே ஜெயித்துவிட்டேன், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மலாயாவுக்குக் கப்பலேறுவதற்கு முன்பே அப்பா மணலில் விரலைப் பிடித்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். இதை வேறு யாராவது எழுதினால் யானைதான் பெரிதாக வரும், நான் அதன் வாலுக்குப் பின்னால் எங்கேயோ நிற்பேன்.

எங்கள் தோட்டம் யோங் பெங்கிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக் கப்பலில் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் லயத்திலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. யாரைப் பார்த்தாலும், அடுத்தது நாமோ என்கிற பயம் முகத்தில் இருக்கும். துரை ஆட்களைக் குறைத்தார், அரிசியைக் குறைத்தார், யானையை மட்டும் குறைக்கவில்லை.

துரைக்கு மிருகங்கள் என்றால் உயிர். பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு காட்சிசாலையே வைத்திருந்தார். கூண்டில் ஒரு கரடி, கம்பி வலைக்குள் மான்கள், இரண்டு மயில்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் யானை. இளம் ரப்பர்க் கன்றுகளை மிதிக்க வந்த கூட்டத்தில் இது மட்டும் குழியில் விழுந்து மாட்டிக்கொண்டது. வரும்போது கன்று. நான் சொல்கிற காலத்தில் ஆளைவிட உயரமாக வளர்ந்திருந்தது, புல் வெட்டுகிறவரைத் தூக்கி எறிந்து கையை முறித்தும் இருந்தது. அதைச் சுற்றி உருட்டு மரங்களை வரிசையாக நட்டிருந்தார்கள். மரம் ஒவ்வொன்றும் என் இடுப்பளவு தடிமன். ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் காரில் வருகிற விருந்தாளிகள் யானையை நன்றாகப் பார்க்க வேண்டும், துதிக்கையில் வாழைப்பழம் கொடுக்க வேண்டும், அதற்காக அப்படி.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் உண்டு, பிள்ளையார் கோயில் கிடையாது. அந்தக் குறை நீங்கிற்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் வேலி மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். நானும் வைத்தேன். அதோடு நிற்கவில்லை. ஊரில் கோயில் யானை தெருவில் வந்தால், பயந்த பிள்ளைகளை அதன் வயிற்றுக்கடியில் இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்குவார்கள். மூன்று சுற்று அப்படிச் செய்தால் பிள்ளையின் பயம் யானையோடு போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதை இங்கேயும் செய்ய ஆரம்பித்தோம். யானைக்காரர் மலாய்க்காரர், கிளந்தான் பக்கத்து மனிதர். அவருக்கு இது என்னவென்று புரியாது, ஆனாலும் சிரித்துக்கொண்டே யானையின் தலையைப் பிடித்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் இதைப் பார்த்துக் கை தட்டினார்கள். துரை இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார்.

அன்று என் மகளையும் கொண்டுபோனேன். நாலு வயது. இடி இடித்தால், கங்காணி கத்தினால், கோழி சிறகடித்தால்கூட என் சேலைக்குள் புகுந்துகொள்கிற பிள்ளை. யானைக்குப் பக்கத்தில் போனதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிய அலறலில் யானையே பின்வாங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அவள் மனதில் தைத்திருந்தது எனக்குத் தெரியாது.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, ஆள் கணக்கு எடுப்பார்கள். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, அவரவர் மரங்களுக்குப் போய்விடுவோம். கொட்டகையில் முன்பு இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். விலை விழுந்ததும் ஒருத்தியைக் கப்பலேற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள். வாய் நீளம். தாய்மார்களையும் திட்டுவாள், பிள்ளைகளையும் திட்டுவாள். கொட்டகை நிறையப் பிள்ளைகள், பார்க்க ஆள் ஒருத்தி, திட்டாமல் என்ன செய்வாள்?

என் மகள் அடைப்புக்குள் போன அன்று, மரங்களில் பால் நிறைய ஓடியது. தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் வாளி தளும்பத் தளும்பப் பாலோடு ஸ்டோருக்கு வந்துகொண்டிருந்தேன். யானை அடைப்புப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு வெளியே நாலைந்து பொடிசுகள் குதித்துக்கொண்டிருந்தன. வேலிக்கு உள்ளே என் மகளின் சிவப்புப் பாவாடை.

வழியில் பால் சிந்தினால் கங்காணி உயிரை எடுப்பார் என்று சொட்டுச் சொட்டாகக் காப்பாற்றி வருகிறவள் நான். அன்று இரண்டு வாளியையும் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். யானைக்காரர் தழை வெட்டப் போயிருந்தார். யானையின் பின்காலில் ஒரு சங்கிலி மட்டும். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து என் பிள்ளை கையைக் கூப்பியபடி, நிமிர்ந்த தலையோடு, அந்தப் பக்கமாக வெளியே வந்தாள். என் கால்கள் என்னைக் கேட்காமலே மரங்களுக்கு நடுவில் நுழைந்து உள்ளே போய்விட்டன.

என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள்.

“அம்மா, ரெண்டு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்.”

கத்தியிருந்தால் யானை மிரண்டிருக்கும். ஓடிப்போய்ப் பிடித்திருந்தாலும் மிரண்டிருக்கும். அவள் யானைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

“சரி கண்ணு,” என்றேன். “மூணாவதுக்கு அம்மாகிட்ட வா.”

வந்தாள். நாலு கால்களுக்கு நடுவில், ஒரு காலை லேசாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறவள் போல நிதானமாக வந்தாள். அவள் என் கைக்கு எட்டுகிற நேரத்தில் துதிக்கை என் தலைமேல் வந்து மோந்து பார்த்தது. தலையில் கட்டியிருந்த, பால் காய்ந்து நாறுகிற துணியை உருவி வாயில் போட்டுக்கொண்டது. அது மென்றுகொண்டிருக்கும்போதே பிள்ளையை அள்ளிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, வேலி மரங்களுக்கு நடுவில் ஒருக்களித்து வெளியே வந்துவிட்டேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. “பெத்தவ எங்க போயிருந்தா?” “ஆயா என்ன புடுங்கிக்கிட்டிருந்தா?” “பிள்ளைக்கு இந்த நெனப்ப ஊட்டினது யாரு?” உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. வேலியை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. துரை வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். யானை மிரண்டு காலை முறித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்று முதலில் கத்தினார். பிறகு, இது யார் பொறுப்பென்று நாளைக்குப் பெரட்டில் முடிவு செய்வேன், அந்த ஆள் தோட்டத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிறவர், லயத்துப் பக்கம் சும்மா வரமாட்டார்.

“இந்தாம்மா, நாளைக்குத் தொரை கேப்பாரு. ஆயாதான் பொறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சிது. இல்லேன்னா பெத்தவதான்னு ஆகும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மூட்டையக் கட்டணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் போனதும் என் வீட்டுக்காரர், “அவரு சொல்றது சரிதானே? பிழைக்க வந்தவங்க நாம. ஒரு வார்த்தைதான,” என்றார்.

எனக்கும் ஆயா மேல் கோபம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நாளைக்குச் சொல்வதை இன்றைக்கே அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். அவளை நாராகக் கிழித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு சோற்றுப் பானையையும் இரண்டு சேலையையும் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நீள வாய்க்காரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“திட்டணும்னா திட்டு தங்கச்சி, கேட்டுக்கிறேன். கைப்பிள்ளை ஒண்ணுக்கு வலிப்பு வந்து வாயில நுரை தள்ளுச்சி. மடியில போட்டுப் பல்லு கிட்டாம பிடிச்சிக்கிட்டிருந்தேன். உன் மக வாசத் தாண்டி ஓடறதப் பாத்தேன். கூப்பிட்டேன், நிக்கல. இதக் கீழ போட்டுட்டு அவ பின்னால ஓடியிருந்தா இது போயிருக்கும். நீயே சொல்லு, எந்தப் பிள்ளைய விட்டிருக்கணும்?”

நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “மூட்டைய அவுத்து வைங்கக்கா,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், “அந்த ஒரு வார்த்தைய நீங்களே சொல்லிப் பாருங்க. அந்த அக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லணும்,” என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் தூங்குகிற மகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, “கப்பலேறினா ஏறிக்குவோம், போ,” என்றார். அந்த மனிதரை நான் கட்டிக்கொண்டதற்கு அன்றுதான் முழுசாகச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் பெரட்டுக்கு ஆயாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கொட்டகையில் ஆள் இல்லாததால் பிள்ளைகளெல்லாம் எங்களோடேயே வந்திருந்தன. பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் துரை வந்தார். என் மகள் அவள் அப்பாவின் தோளில் இருந்தாள்.

“நீதான் பிள்ளையோட அம்மா. சொல்லு, யாரு பொறுப்பு? ஆயாதானே?” என்றார் துரை.

“தொரை, இங்க நின்னு சொன்னா வெளங்காது. யானைகிட்ட வாங்க, சொல்றேன்.”

கிராணியின் முகம் இருண்டது. கூலிக்காரப் பெண் துரையை வா என்று கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. துரைக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். தடியைச் சுழற்றிக்கொண்டு நடந்தார். பெரட்டு வரிசை கலைந்து தோட்டமே பின்னால் வந்தது. சத்தம் கேட்டுப் பங்களாவிலிருந்து துரைசானியும் இறங்கி வந்தாள். கூடவே அவர்களுடைய சின்ன மகளும், அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற சீன ஆயாவும்.

யானையிடம் வீரம் காட்ட எனக்குப் பைத்தியமா? யானைக்காரரைக் கூப்பிட்டு அதன் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் “பெலான், பெலான்” என்று மெதுவாக அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பால் வாளியைக் கையில் எடுத்தேன். துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாளியோடு மரங்களுக்கு நடுவில் நுழைந்து உள்ளே போய் நின்றேன்.

“ஏய், வெளிய வா!” என்றார் துரை.

“வர்றேன் தொரை. நான் நாலு வயசுப் பிள்ளையில்ல, புள்ள பெத்தவ. வாளியோடவே உள்ள வந்துட்டேன். இந்த வேலி யானை வெளிய வராம இருக்கறதுக்குப் போட்டது. பிள்ளை உள்ள வராம இருக்கறதுக்கு எந்த வேலி போட்டிருக்கீங்க?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

“பெத்தவ எங்கன்னு கேட்டாங்க. உங்க மரத்துலதான் இருந்தேன். ஆயா எங்கன்னு கேட்டாங்க. வலிப்பு வந்த பிள்ளைய மடியில வச்சிருந்தாங்க. ரெண்டு ஆயாவ ஒண்ணாக்கினது நாங்க இல்ல. யானை வயித்துக்கு அடியில நொழஞ்சா பயம் போகும்னு சொன்னது நாங்கதான், இல்லேங்கல. அத நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் செய்யச் சொல்லிப் படம் பிடிச்சது யாரு தொரை?”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். துரையின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துகொண்டு வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வேறொன்று நடந்தது. நான் உள்ளே நின்று பேசுவதை வேடிக்கை பார்த்த துரையின் சின்ன மகள், அம்மாவின் கையை உதறிவிட்டு, மரங்களுக்கு நடுவில் தலையையும் ஒரு காலையும் நுழைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முழுசாக உள்ளேயும் வந்துவிட்டாள். துரைசானி வீறிட்டாள். யானை காதை விரித்தது, யானைக்காரர் அதன் நெற்றியோடு நெற்றி வைத்து அடக்கினார். நான் வாளியைப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையைத் தூக்கி, மரங்களுக்கு நடுவில் அவள் அப்பாவின் கையில் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் நெஞ்சு என் மகளின் நெஞ்சு மாதிரியேதான் அடித்துக்கொண்டது.

“பெத்தவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க,” என்றேன். கோபம் போய்விட்டிருந்தது, மெதுவாகத்தான் சொன்னேன். “ஆயாவும் பக்கத்துலயேதான் நிக்கிறாங்க. ஒரே ஒரு பிள்ளை. இப்ப யாரக் கப்பலேத்தப் போறீங்க தொரை?”

துரை தன் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலியைப் பார்த்தார். அதுவரை அவர் யானையைத்தான் பார்த்திருக்கிறார், வேலியை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். தடியைக் குறுக்கே வைத்து இடைவெளியை அளந்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சீனத் தச்சனை இன்றைக்கே வரச் சொல்கிறார், குறுக்கு மரம் அடிக்க என்று கிராணி எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் வெளியே வந்தேன். ஆனால் துரை அத்தனை சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை.

“வேலி என் வேலை. சரி,” என்றார். “ஆனா ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. இந்த ஆயாகிட்ட உன் பிள்ளைய மறுபடியும் விடுவியா?”

இதுதான் சரியான கேள்வி. வாயால் சொல்கிற நியாயமெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். முந்தின நாள் யானையின் கால்களுக்கு நடுவில் பார்த்த பாவாடை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்காரரிடம் போய் அவர் தோளிலிருந்து மகளை வாங்கினேன். நேராக ஆயாவிடம் கொண்டுபோனேன்.

“வாங்கிக்கங்கக்கா, எனக்கு வேலைக்கு நேரமாச்சி.”

அவள் கையை நீட்டினாள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் சலசலவென்று சத்தம். திரும்பினால், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அந்த வலிப்புப் பிள்ளையின் தாய் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் லயத்துப் பெண்கள் எல்லாரும், ஆளுக்கொரு பிள்ளையோடு, பெரட்டில் நிற்பதைவிட ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஆயாவுக்குக் கை போதவில்லை.

துரை அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தார்.

“ஒரு ஆள் போதாது,” என்றார் கிராணியிடம், எங்களுக்கும் கேட்கும்படி தமிழிலேயே. பிறகு ஆயாவைப் பார்த்து, “நீ கொட்டகைக்குப் போ,” என்றார்.

யாரும் கை தட்டவில்லை, துரை முன்னால் தட்ட முடியுமா? உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ரப்பர் மரங்கள் நிற்கிற தீம்பாருக்குள் நுழைந்து பங்களா மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும்தான் ஒருத்தி குலவையிட்டாள். உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அன்று ரப்பர்க் காடு முழுக்கக் குலவைச் சத்தம். கங்காணி பேசாமல் முன்னால் நடந்தார். வெயில் ஏறிவிட்டதால் பால் குறைவாகத்தான் ஓடியது. எங்களுக்குக் கவலையில்லை. நான் என் மரங்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டு போனேன், கொட்டகை இருந்த திசையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.